பெத்தது எத்தனை, இருப்பது எத்தனை?

சிதம்பரம் பக்கம் ஒரு சேரியில் கணக்கெடுப்புக்குப் போயிருந்தபோது ஒரு பாட்டியிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்று கேட்டேன். "நாலு" என்றார். "பெத்தது எத்தனை?" என்று மாற்றிக் கேட்டேன். "ஏழு." அதில் இரண்டு, பிறந்த எட்டாம் நாள் வாக்கில் இசிவு கண்டு போனவை. எந்தப் பதிவேட்டிலும் அவை இல்லை.

இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு வாய் திறக்க முடியாமல் உடல் விறைத்துச் சாகும். அதுதான் பச்சிளங்குழந்தை டெட்டனஸ். சுத்தமில்லாத கத்தியால் தொப்புள் கொடியை அறுப்பதும், அதில் சாணம், சாம்பல் வைப்பதும் காரணம். பிரசவ ரத்தத்தைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம், கொடி அறுக்கும் வேலையை மருத்துவச்சியிடம் தள்ளியது. குழந்தை செத்தால் பழியையும் அவள் மேலேயே போட்டது. அவளுக்குச் சுத்தமான பிளேடும் பயிற்சியும் யார் கொடுத்தார்கள்?

வீட்டில் பிறந்து வீட்டிலேயே செத்ததால் மருத்துவமனைக் கணக்கில் இந்தச் சாவுகள் வரவில்லை. வீடுவீடாகப் போய்க் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் நடந்த கள ஆய்வுகள், நகரத்தைவிடக் கிராமத்தில் சாவு பல மடங்கு என்று காட்டின. 1988இல் உலகம் முழுக்க சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டே ஒழிப்புக்கு இலக்கு வைத்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் 1,000 உயிருள்ள பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவான நோயாளிகள் என்பதே அதன் அளவுகோல்.

இதைச் சோதித்த முறை கவனிக்கத்தக்கது. மிகவும் பின்தங்கிய மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே கள ஆய்வு செய்வார்கள். அது தேறினால் மற்றவையும் தேறியதாகக் கொள்வார்கள். இந்தியா 2015இல் தேறியது. தடுப்பூசியோடு தெருத்தெருவாக நடந்த கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

ஆனால் மாவட்டத்துக்குள் பின்தங்கிய இடம் எது? பழைய தடுப்பூசி ஆய்வுகளில் ஊர் நடுவே நின்று ஒரு திசையைக் குலுக்கலில் எடுத்து, அடுத்தடுத்த வீடாகப் போவார்கள். கடலூர் மாவட்டக் கிராமங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊர் நடு என்பது கோயில் தெரு. சேரி வயலுக்கு அப்பால். அடுத்த வீடு, அடுத்த வீடு என்று போனால் சேரி வராமலே ஆய்வு முடிந்துவிடலாம்.

டெட்டனஸ் கிருமி மண்ணில் இருக்கிறது, அது அழியாது. ஊசி நின்றால் நோய் திரும்பும். நாளை உங்கள் கையில் ஒரு கணக்கெடுப்புப் படிவம் வரும். முதல் வீட்டைச் சேரியின் கடைசியில் தொடங்குங்கள் என்று வாதாடுங்கள். பெத்தது எத்தனை என்று கேளுங்கள்.