பட்டறையில் வேஸ்ட் ஆயில் அடுப்பு: சும்மா கிடைக்கும் சூடு எங்கே ஆபத்தாகிறது?

ஒரு பழைய பிரேக் டிரம், அதன் மேல் ஓட்டை போட்ட இரும்புக் குழாய், பக்கத்தில் உயரமாக ஒரு ஆயில் டின். டின்னிலிருந்து கருப்பு ஆயில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, அடுப்பு திகுதிகுவென எரிகிறது. இந்த மாதிரி வீடியோவை யூடியூபில் நீங்கள் நிச்சயம் கடந்து வந்திருப்பீர்கள். லே, கார்கில், ஸ்ரீநகர் பக்கம் குளிர்காலத்தில் வண்டி ரிப்பேருக்காக நின்றவர்கள் நேரிலேயே பார்த்திருக்கலாம்.

ஸ்ரீநகரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாட்களுக்கு நீடிக்கும் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று பெயர். லேயில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் ஸ்பேனரைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. லடாக்கில் மரங்கள் குறைவு என்பதால் விறகும் சல்லிசாகக் கிடைக்காது. ஆனால் மெக்கானிக் பட்டறையில் ஒன்று மட்டும் தாராளமாக இருக்கும்: வண்டிகளிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில். ஒரு காருக்கு 3 முதல் 4 லிட்டர், லாரி என்றால் 15 லிட்டருக்கும் மேல். அதை எரித்துக் குளிர் காயலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

அடுப்பு வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எப்படி எரிகிறது என்று தெரியாமல் கட்டினால் பட்டறையும் போகும், ஆளும் போகலாம்.

எரிவது ஆயில் இல்லை, ஆவி

இன்ஜின் ஆயில் பெட்ரோல் மாதிரி சட்டெனப் பற்றாது. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றோடு கலந்து எரிவதைத்தான் நாம் தீயாகப் பார்க்கிறோம்.

அதனால்தான் அடியில் கனமான இரும்புத் தட்டு வைக்கிறார்கள். முதலில் காகிதத்தையோ கொஞ்சம் மண்ணெண்ணெயையோ எரித்துத் தட்டைச் சூடாக்க வேண்டும். தட்டு சூடேறிய பிறகு மேலே விழும் ஒவ்வொரு சொட்டும் உடனே ஆவியாகிறது. குழாயில் உள்ள ஓட்டைகள் வழியாக வரும் காற்று அந்த ஆவியை எரிக்கிறது. புகைக்குழாய் மிச்சத்தை மேலே இழுத்துக்கொண்டு போகிறது. தட்டு, காற்று, சொட்டு, புகைக்குழாய் என்ற நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால் அடுப்பு புகையில்லாமல் எரியும். ஒன்று தவறினாலும் கரும்புகைதான்.

காஷ்மீரிலும் லடாக்கிலும் வீடுகளில் இருக்கும் 'புகாரி' என்ற இரும்பு அடுப்பின் ஒன்றுவிட்ட தம்பிதான் இது. புகாரியில் விறகோ மண்ணெண்ணெயோ எரியும், இதில் வேஸ்ட் ஆயில்.

ஒரு லிட்டரில் எவ்வளவு சூடு?

ஒரு லிட்டர் இன்ஜின் ஆயிலை முழுதாக எரித்தால் கிட்டத்தட்ட 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். அதாவது 2,000 வாட் ஹீட்டரை 5 மணி நேரம் ஓட்டுவதற்குச் சமம். வீட்டில் செய்த அடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகைக்குழாய் வழியாகவே போய்விடும் என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு ஒரு லிட்டர் எரித்தால் ஒரு நடுத்தரப் பட்டறை நன்றாகவே சூடாகும். நாள் முழுக்க 8 லிட்டர். இரண்டு மூன்று கார்களுக்கு ஆயில் மாற்றினால் அன்றைய எரிபொருள் தயார். இந்தக் கணக்குதான் எல்லோரையும் இழுக்கிறது.

வால்வைத் தொடவே இல்லை, தீ ஏன் எகிறியது?

இந்த அடுப்பு வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு சம்பவம் இது. காலையில் பற்றவைத்து, சொட்டை அளவாகத் திருகி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடுப்பு உறுமுகிறது, புகைக்குழாய் சிவந்து போயிருக்கிறது. யாரும் வால்வைத் தொடவில்லை.

காரணம், ஆயிலின் தடிமன். மைனஸ் டிகிரியில் பழைய ஆயில் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். வால்வை நன்றாகத் திறந்தால்தான் சொட்டும். அறை சூடாகச் சூடாக டின்னில் இருக்கும் ஆயிலும் இளகும். அதே திறப்பில் இப்போது சொட்டுக்குப் பதில் தாரையாக ஓடும். தட்டு எரிக்கக்கூடியதைவிட அதிக ஆயில் விழுந்தால் அது குளமாகத் தேங்கிக் கொதிக்கும், ஆவி பெருகும், தீ இன்னும் பெரிதாகும், டின் இன்னும் சூடாகும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் தீ இது.

டின்னை அடுப்புக்கு நேர் மேலே வைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று இதிலிருந்தே புரியும். டின் தள்ளி இருக்க வேண்டும். வால்வு அடுப்பின் மேல் குனியாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சொட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அடிக்கடி பார்த்து வால்வைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். "பத்த வச்சிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வரேன்" என்பதற்கு இந்த அடுப்பு லாயக்கில்லை.

இன்னும் இரண்டு விபத்துகள் உண்டு. ஒன்று, அணைந்துபோன அடுப்பு. தீ அணைந்தாலும் தட்டு சூடாகத்தான் இருக்கும். சொட்டும் ஆயில் வெள்ளைப் புகை மாதிரி ஆவியாகி உள்ளே நிரம்பும். அதைப் பார்த்து, "அணைஞ்சு போச்சே" என்று தீக்குச்சியை நீட்டினால் மொத்த ஆவியும் ஒரே நேரத்தில் வெடித்து முகத்துக்கு வரும். அணைந்தால் வால்வை மூடுங்கள், தட்டு முழுக்க ஆறும் வரை காத்திருங்கள். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைப்பதை எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்.

இன்னொன்று தண்ணீர். வெட்டவெளியில் கிடந்த கேனில் மழைத் தண்ணீரோ பனி உருகிய நீரோ கலந்திருக்கலாம். இன்ஜினிலிருந்து கூலன்ட் கசிந்திருக்கலாம். தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். கொதிக்கும் ஆயில் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் விழுந்தால், எரியும் ஆயில் நாலாபுறமும் தெறிக்கும். ஆயிலைச் சில நாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த தண்ணீரையும் கசடையும் விட்டுவிட்டு மேலாக வடித்து எடுப்பது இதற்காகத்தான். தீயை அணைக்கவும் தண்ணீர் கூடாது. மணல் வாளியும் உலர் பொடி அணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும்.

லடாக்கில் காற்றே குறைவு

சமவெளியில் எடுத்த வீடியோவை அப்படியே மலையில் காப்பி அடிப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. டெல்லியில் சுத்தமாக எரிந்த அதே அடுப்பு, அதே ஓட்டைகள், அதே சொட்டு அங்கே ஆக்சிஜன் போதாமல் புகையும்.

ஒரு லிட்டர் ஆயில் முழுதாக எரிய ஏட்டுக் கணக்கில் சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு தேவைப்படும். 20 அடிக்கு 15 அடி, 10 அடி உயரம் கொண்ட பட்டறையில் மொத்தமே 85,000 லிட்டர் காற்றுதான். குளிருக்காக ஷட்டரை இறக்கி, இடுக்குகளில் சாக்கு திணித்துவிட்டு எரித்தால், அறையில் இருக்கும் காற்றின் அளவு முழுவதையும் நாலைந்து மணி நேரத்தில் அடுப்பு இழுத்துவிடும். மலைமேல் அதைவிடச் சீக்கிரம்.

ஆக்சிஜன் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தள்ளாட்டம், தூக்கம். மலைப்பகுதியில் இதே அறிகுறிகளை 'உயரம் ஒத்துக்கல' என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். அதுதான் கூடுதல் ஆபத்து.

வாயுவோ விறகோ ஆயிலோ, எரிபொருள் எதுவானாலும் இந்த ஆபத்து ஒன்றுதான். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் பகுதியில் ஹோட்டல் அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் உயிரிழந்தனர். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரின் பாந்த்ரேத்தன் பகுதியில் வாடகை வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் மூச்சுத்திணறி இறந்தனர்.

ராணுவத்துக்கே இது பெரிய தலைவலியாக இருந்தது. மலைமுகாம்களில் மண்ணெண்ணெய் புகாரிதான் துணை. அதில் தீ பின்னோக்கி வெடிப்பதும் கார்பன் மோனாக்சைடும் வீரர்களின் உயிரைப் பறித்தன. இவற்றைத் தவிர்ப்பதற்காகவே டிஆர்டிஓ-வின் டெல்லி ஆய்வகமான டிபாஸ் 'ஹிம் தாபக்' என்ற சூடேற்றும் கருவியை உருவாக்கியது. 2021 ஜனவரியில் வெளியான தகவலின்படி, ராணுவம் அதற்கு 420 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது. ஆய்வகம் உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருந்த பிரச்னையை பிரேக் டிரம்மும் வெல்டிங் ராடும் தானாகத் தீர்த்துவிடாது.

அந்தக் கருப்பு ஆயிலில் என்ன இருக்கிறது?

புது ஆயிலிலேயே தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கும். ஓடிய பிறகு இன்ஜினிலிருந்து உரசி வந்த இரும்பு, செம்பு, ஈயத் துகள்களும் சேர்ந்துவிடும். முன்பு ஈயம் கலந்த பெட்ரோலால் இந்த அளவு மிக அதிகமாக இருந்தது. 2000-ம் ஆண்டில் இந்தியா அந்தப் பெட்ரோலை நிறுத்தியதால் நிலைமை கொஞ்சம் மேல். ஆனாலும் உலோகம் எரிந்து காணாமல் போகாது. கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் தட்டில் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலை ஆப்பிள் தோட்டத்தில் கொட்டுவது நல்லதல்ல. மேலே போன கரி பனியின் மீது படிந்தால் பனி கருத்து, வெயிலை அதிகம் உறிஞ்சி, சீக்கிரம் உருகும்.

டிரான்ஸ்பார்மர் ஆயில், பெயின்ட் தின்னர், குளோரின் கலந்த கிளீனர்கள் ஆகியவற்றை இந்த டின்னில் ஊற்றவே கூடாது. குளோரின் உள்ளவை எரிந்தால் டையாக்சின் போன்ற கடும் நச்சுகள் உருவாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பயன்படுத்திய ஆயில், 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் வருகிறது. பட்டறைக்காரர் அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இத்தகைய கழிவைச் சேமித்து வைக்கப் பொதுவாக 90 நாட்கள் வரைதான் அனுமதி. 2023-ல் விதிகள் திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு வந்துவிட்டது. விற்ற ஆயிலில் குறிப்பிட்ட சதவீதம் மறுசுழற்சி ஆவதை அவர்கள் உறுதிசெய்ய வேண்டும். இந்த இலக்கு 5 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் உயரும்.

நியாயமான ஏற்பாடுதான். ஏனென்றால் பழைய ஆயிலின் பெரும்பகுதியைச் சுத்திகரித்து மறுபடியும் ஆயிலாக்க முடியும். எரித்தால் ஒரே ஒரு முறைதான் பயன். ஆனால் பனியில் பாதை மூடிக்கிடக்கும் ஊரில் நாலு கேன் ஆயிலை எடுத்துப்போக யார் வருவார்கள் என்ற கேள்விக்கு விதிப்புத்தகத்தில் எளிதான பதில் இல்லை. அடுப்புகள் தொடர்ந்து எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் பட்டறையில் ஏற்கெனவே எரிகிறதா?

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாய். அது கூரையின் உச்சியைத் தாண்டி நிற்க வேண்டும். முடிந்தவரை நேராக, தலையில் தொப்பியோடு இருக்க வேண்டும். கரி அடைத்தால் புகை உள்ளே திரும்பும், அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தரைக்கு அருகே வெளிக்காற்று வர ஒரு துவாரம் திறந்தே இருக்கட்டும். குளிர்காற்று வருகிறதே என்று அதை அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. அடுப்புக்குச் செலவே இல்லை என்றால், அலாரத்துக்காவது செலவு செய்யுங்கள்.

பெட்ரோல் டேங்க் கழற்றும் நாளில் அடுப்பு வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். அடுப்பின் உடலுக்குப் பழைய சமையல் கேஸ் சிலிண்டரை வெட்டும் யோசனையும் வேண்டாம். காலி என்று நினைத்ததில் கேஸ் மிச்சம் இருக்கலாம், தவிர அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நாகமுலாம் பூசிய தகடும் ஆகாது, சூடேறினால் துத்தநாகப் புகை வரும்.

பட்டறையிலேயே தங்கும் பையன்கள் இருந்தால் ஒரு விஷயத்தை அவர்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். ராத்திரி படுக்கும்போது அடுப்பை 'சிம்'மில் வைக்கக் கூடாது. சொட்டு குறைந்து தட்டு ஆறும்போதுதான் அரைகுறையாக எரியும், விஷவாயுவும் அப்போதுதான் அதிகம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வால்வை மூடி, தட்டில் இருப்பது முழுக்க எரிந்து தீர்ந்ததைப் பார்த்த பிறகு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளட்டும். யாருக்காவது தலைவலியும் குமட்டலும் ஒன்றாக வந்தால் மாத்திரையைத் தேட வேண்டாம், முதலில் ஷட்டரைத் தூக்கி எல்லோரையும் வெளியே கூட்டி வந்து 112-ஐ அழைக்க வேண்டும்.