15 முதல் 31 கிலோஹெர்ட்ஸ் வரை: ஆர்கேட் பெட்டிகளில் பல அதிர்வெண் மானிட்டர்

ஆர்கேட் பெட்டியின் மானிட்டர் வீட்டுத் தொலைக்காட்சியின் வழிவந்தது. 1972இல் அட்டாரி நிறுவனத்தின் ஆலன் அல்கார்ன் 'பாங்' விளையாட்டின் முன்மாதிரியை உருவாக்கியபோது, கடையில் வாங்கிய ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டிவியையே அதற்குள் பொருத்தினார். அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்குச் சுமார் 15,700 வரிகளை வரையும். விளையாட்டின் மின்சுற்றைத் தாங்கும் ஆர்கேட் பலகைகளும் அதே வேகத்தைப் பின்பற்றியதால், '15 கிலோஹெர்ட்ஸ்' தொழிலின் பொது அளவாக நிலைபெற்றது.

ஆனால் வரையும் முறை வேறு. தொலைக்காட்சி 525 வரிகளை இரு தவணையாகப் பிரித்து, ஒன்றன் இடைவெளியில் மற்றொன்றை வரையும். ஆர்கேட் பலகைகள் பெரும்பாலும் 262 வரிகளை ஒட்டிய ஒரு தொகுதியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரைந்தன. படம் நடுங்காமல் நின்றது. வரிகளுக்கு நடுவே மெல்லிய கருங்கோடுகளும் தெரிந்தன. 1980இல் வந்த 'பேக்-மேன்' 224 × 288 புள்ளிகளில், செங்குத்தாகத் திருப்பி வைத்த பிக்சர் டியூபில், இப்படித்தான் காட்சியளித்தது. பழைய விளையாட்டுகளின் அழகில் அந்தக் கருங்கோடுகளுக்கும் பங்குண்டு. 'ஆஸ்டிராய்ட்ஸ்' (1979) போன்ற, வடிவங்களை நேரடியாகக் கோடுகளாக வரையும் வெக்டர் விளையாட்டுகளில் இந்த வரிகளே கிடையாது. அவற்றுக்கான மானிட்டர் தனி வகை.

1980களின் நடுவில் 15 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒருமை குலைந்தது. அட்டாரியின் 'பேப்பர்பாய்' சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நடுத்தெளிவு மானிட்டரைக் கேட்டது. சேகா தன் சிஸ்டம் 24 பலகையிலும், பின்னர் 'வர்ச்சுவா ஃபைட்டர்' (1993), 'டேடோனா யுஎஸ்ஏ' ஆகியவற்றிலும் 496 × 384 புள்ளிகளுக்காக 24 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறியது. 1998இல் வந்த அதன் நயோமி பலகையின் இயல்பான வெளியீடு 640 × 480. அதாவது கணினிகளின் விஜிஏ அளவான 31 கிலோஹெர்ட்ஸ். பலகையை மட்டும் மாற்றிப் பெட்டியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பிய விளையாட்டுக்கூட உரிமையாளருக்கு இனி மானிட்டர்தான் முட்டுக்கட்டை.

மூன்று வேகங்களுக்கும் ஒரே மானிட்டரைச் செய்வது எளிதன்று. எலெக்ட்ரான் கற்றையை இடவலமாக இழுக்கும் யோக், எல்ஓடி எனப்படும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், வெளியீட்டு டிரான்சிஸ்டர், அவற்றோடு இணைந்த கெப்பாசிட்டர்கள் ஆகிய அனைத்தும் ஒரு வேகத்துக்கென இசைவிக்கப்பட்டவை. வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் நேரம் பாதியாகிறது. அதே அகலத்துக்குப் படத்தை விரிக்க மின்னழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். வடிவம் கோணாமலிருக்க வேறு கெப்பாசிட்டர்களை இணைக்க வேண்டும். பல அதிர்வெண் மானிட்டர் வரும் சிக்னலின் வேகத்தை அளந்து இவற்றைத் தானாக மாற்றிக்கொள்கிறது. ஜப்பானில் நானாவோவின் எம்எஸ்-2930, அமெரிக்காவில் வெல்ஸ்-கார்ட்னரின் டி9200 ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை.

ஆர்கேட் பலகைகளைக் கணினியில் போலச்செய்யும், 1997இல் வெளியான மேம் (MAME) மென்பொருள் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஒரே கணினிக்குள் கொண்டுவரும் வழியைத் திறந்தது. அப்படிக் கணினி பொருத்திய ஆர்கேட் பெட்டிக்கு மானிட்டர் தேர்ந்தெடுப்பவர் திரையின் அங்குலத்துக்கு முன் பார்க்க வேண்டியது அதிர்வெண் வரம்பை. கணினியின் வழக்கமான விஜிஏ வெளியீடு 31 கிலோஹெர்ட்ஸ். அதை 15 கிலோஹெர்ட்ஸ் மட்டும் ஏற்கும் மானிட்டருக்குக் கொடுத்தால் படம் கிழிந்து புரளும், சுற்றுக்கும் கேடு நேரலாம். 31இல் மட்டும் இயங்கும் மானிட்டரிலோ பழைய விளையாட்டின் ஒவ்வொரு வரியும் இருமுறை வரையப்பட்டு, கருங்கோடுகள் மெலிந்து மறைகின்றன.

செங்குத்து வேகமும், அதாவது நொடிக்குக் காட்டப்படும் படங்களின் எண்ணிக்கையும், முக்கியம். 'மார்ட்டல் காம்பாட்' (1992) நொடிக்குச் சுமார் 54.7 படங்களையும், 'ஆர்-டைப்' சுமார் 55 படங்களையும் காட்டுகின்றன. இவற்றை 60இல் பூட்டினால் நகரும் பின்னணி இடையிடையே தட்டுகிறது. பிக்சர் டியூப் மானிட்டரான சிஆர்டியின் பெரும்பலம் இங்கேதான்: கணினி உரிய வேகத்தில் சிக்னல் அனுப்பினால், அது தன் வரம்புக்குள் அப்படியே பின்தொடரும்.

1980களின் முற்பகுதி விளையாட்டுகளே போதும் என்பவருக்கு 15 கிலோஹெர்ட்ஸ் மட்டும் கொண்ட எளிய மானிட்டரே மேல். அதன் சுற்று எளிது, பழுதுபார்ப்பதும் எளிது. 'டேடோனா'வும் நயோமியும் 'பேக்-மேன்'னும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால்தான் பல அதிர்வெண் வகையின் சிக்கலைச் சுமப்பதில் பொருளுண்டு. எதை வாங்கினாலும் டியூபில் பழைய படம் சுட்டுப் பதிந்திருக்கிறதா என்பதை அணைத்த நிலையிலும், வண்ணங்களின் வலுவை இயங்கும் நிலையிலும் பார்க்க வேண்டும். மானிட்டரின் சுற்றுப்பலகையான சேசிஸ் பழையதானால், பலவற்றுக்கு மெயின்ஸிலிருந்து பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வண்ண டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருக்கும் என்பதால், டியூபை முறைப்படி டிஸ்சார்ஜ் செய்த பின்பே சேசிஸைக் கழற்ற வேண்டும்.