மழலையர் ஆசிரியர்க்குப் பட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாறு எழுதப் புகுவோர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிக் கீழிறங்குதல் பெருவழக்கு. ஐந்தாண்டு நிரம்பாத மழலையர்க்குக் கற்பிப்போர் எக்காலத்திற் கற்றோராக மதிக்கப்பெற்றனர் என்னும் வினா அவ்வழக்கில் எழுவதில்லை. இராமநாதபுர மாவட்டம் கமுதி வட்டத்து அபிராமம் போன்ற ஊர்களினின்று நோக்குவார்க்கோ இவ்வினாவே முதலில் தோன்றும். அங்கே குழந்தை முதற்கண் காணும் ஆசிரியை அங்கன்வாடிப் பணியாளரே. அவர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என விதியில்லை. இந்நிலைக்குரிய காரணத்தை யாம் ஈண்டு ஆராய்கின்றோம்.

திண்ணைப் பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதிப் பயின்றதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்பார், 1789 இல் தாம் பொறுப்பேற்ற எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் அதனைக் கைக்கொண்டார். சிறார்க்குச் சிறாரே கற்பிக்கும் முறையையும் அங்கு வகுத்து, 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' கடல் கடந்து பரவிற்று. அம்மணலெழுத்தைக் கற்பித்த திண்ணை ஆசிரியரோ ஊரார் அளித்த நெல்லையும் காசையுமே நம்பி வாழ்ந்தார்.

1856 இல் சென்னையில் தோன்றிப் பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைத்த ஆசிரியர் கல்லூரி எல்.டி., பி.டி. பட்டங்கட்கு வழிவகுத்தது. அவை உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்க்கு உரியன. பழைய இராமநாதபுர மாவட்டத்திற்கு உட்பட்டிருந்த காரைக்குடியில் 1950 இல் அழகப்பர் நிறுவிய பயிற்சிக் கல்லூரியும் அந்நெறியதே.

மழலைக் கல்வியைத் தனிக் கலையாகப் பயிற்றும் பெருமுயற்சி 1939 நவம்பரில் அடையாற்றில் நிகழ்ந்தது. பிரம்மஞான சபையின் அழைப்பிற்கிணங்கி வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரிடம் ஏறத்தாழ முந்நூற்றுவர் பயின்றனர். 1940 இல் இத்தாலி போரிற் புகவே அவர்தம் மகன் மாரியோ சிறைப்பட்டார். அம்மையாரோ சபை வளாகத்தை விட்டு வெளியேறாவாறு தடுக்கப்பட்டார். மகன் விடுதலை பெற்றது அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளில். பின்னர் இருவரும் கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினர். இத்துணைச் சிறப்பிருந்தும், பயின்றோர் பெற்றது சான்றிதழே, பல்கலைக்கழகப் பட்டமன்று.

பட்டம் வேறொரு வாயில் வழியே நுழைந்தது. மனையியல் என்னும் பாடத்தில் குழந்தை வளர்ச்சி ஒரு கூறாக இடம்பெற்றது. கோவை அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரி (1957) இதற்குத் தக்க சான்று. சமையலோடும் தையலோடும் ஒருங்கு வைக்கப்பட்டமையால் இத்துறை பெண்டிர்க்கு இயல்பாய் அமைந்த திறம் எனக் கருதப்பட்டது போலும். பயிலாமலே வருவது எனக் கொண்டதற்குப் பட்டம் எதற்கு என்பார் வாதம் இதனின்றே வலிமை பெற்றது என்பது எம் துணிபு.

சொல்லொன்றும் ஈண்டு ஆராயத்தக்கது. 'பால்வாடி' என்பதன் முதற்கூறு குழந்தையைக் குறிக்கும் வடசொல்; இரண்டாவது தோட்டம் என்னும் பொருட்டு. தமிழ்ச் செவிக்கோ அது பருகும் பாலையே நினைவூட்டும். 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 இன் சத்துணவுத் திட்டமும் குழந்தைகளின் பசி தீர்த்தன. அப்பணி மிகப் பெரிது. ஆயினும் உணவிடும் இடமாகவே அந்நிலையம் அறியப்பட்டமையால், அங்குக் கற்பிப்பவர் ஆசிரியர் என்னும் பெயர்க்குக் காத்திருக்க நேர்ந்தது.

2014 இல் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு முன்பள்ளிக் கல்விக்கு ஈராண்டுப் பட்டயத்தை வரையறுத்தது. 2020 ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு அகவை வரையுள்ள பருவத்தை அடித்தள நிலை எனப் பகுத்தது. அதன் வழிவந்த நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டப்படிப்பு அந்நிலைக்கும் ஆசிரியரை உருவாக்குவது. அதே கொள்கை, பன்னிரண்டாம் வகுப்புப் பயின்ற அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஆறு திங்கட் சான்றிதழையும், அதனினும் குறைந்து பயின்றோர்க்கு ஓராண்டுப் பட்டயத்தையுமே விதித்தது. அபிராமத்து ஆசிரியைக்குரியவை இவ்விரண்டுமே.