ரீம்ஸ் நகரில் நாலு மொராக்கோ தொழிலாளிகள்

"போலந்து விசா இருந்தால் ஜெர்மனியில் வேலை பார்க்கலாமாமே, உண்மையாடா?" என்று விடுதி நண்பன் கேட்டான். அவன் அண்ணனிடம் ஒரு ஏஜென்ட் அப்படிச் சொல்லிப் பணம் கேட்கிறாராம். எனக்கும் தெரியவில்லை. தேடப் போனவன் ஒரு பழைய வழக்கில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் பின்னணி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவில் சுரங்கத்துக்கும் கட்டட வேலைக்கும் ஆள் போதவில்லை. பெல்ஜியம் 1964-ல் மொராக்கோவுடன் ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தது. எழுபதுகளில் பொருளாதாரம் படுத்ததும் ஜெர்மனி 1973-லும், பிரான்சும் பெல்ஜியமும் 1974-லும் கதவைச் சாத்தின. ஏற்கெனவே வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்த வேலை அனுமதி அந்த ஒரு நாட்டுக்கு மட்டும்தான்.

இனி வழக்கு. பிரஸ்ஸல்ஸில் ரேமோன் வாண்டர் எல்ஸ்ட் என்பவர் கட்டடம் இடிக்கும் தொழில் நடத்தி வந்தார். 1989-ல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஒரு மாத வேலை கிடைத்தது. எட்டுப் பேரை அனுப்பினார். நாலு பேர் பெல்ஜியர்கள், நாலு பேர் மொராக்கோக்காரர்கள். மொராக்கோக்காரர்களிடம் பெல்ஜிய வேலை அனுமதி இருந்தது. சம்பளமும் காப்பீடும் பெல்ஜியத்தில். பிரெஞ்சுத் தூதரகத்தில் குறுகிய கால விசாவும் வாங்கித்தான் கூட்டிப் போனார். ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை!

ஏப்ரல் 12 அன்று பிரெஞ்சுத் தொழிலாளர் ஆய்வாளர்கள் வந்தார்கள். "விசா உள்ளே வருவதற்கு. வேலை செய்ய பிரெஞ்சு அனுமதி எங்கே?" என்பது அவர்கள் வாதம். முதலாளிக்கு 1,21,520 பிராங்க் விதித்தார்கள், பிறகு அதை 30,380 ஆகக் குறைத்தார்கள். அவர் விடவில்லை. பிரெஞ்சு நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 1994 ஆகஸ்ட் 9-ல் வந்த தீர்ப்பில் அவர் பக்கம்தான் நியாயம் என்றாகியது.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். அந்த நாலு பேருக்கும் பிரான்சில் வேலை செய்யும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எல்லை தாண்டிச் சேவை வழங்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு, அதற்குத் தன் நிரந்தர ஆட்களைக் கூட்டிப் போகலாம், அவர்கள் வேலை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள், ஆகவே பிரான்சின் வேலைச் சந்தைக்குள் நுழையவே இல்லை... இதுதான் தர்க்கம். மண்ணைக் கொத்தி வியர்வை சிந்தியது ரீம்ஸில், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இருந்தது பெல்ஜியத்தில்! உரிமை முதலாளியுடையது, தொழிலாளி அதன் நிழலில் போகிறான். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அப்புறமும் நாடுகள் சும்மா இருக்கவில்லை. அனுப்பப்படும் ஆள் குறைந்தது ஒரு வருடமாவது அந்தக் கம்பெனியில் இருந்திருக்க வேண்டும் என்றது ஜெர்மனி. 2006-ல் அதையும் நீதிமன்றம் தள்ளியது. ஸ்லோவாக்கியக் கம்பெனி ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு அனுப்பிய உக்ரைன் தொழிலாளிகள் வழக்கில் மட்டும், 90 நாளுக்கு மேல் தங்கினால் நெதர்லாந்து தனியாகக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம் என்று 2024-ல் தீர்ப்பானது. ஜெர்மனியில் இந்த வகை விசாவுக்கு இன்றும் வாண்டர் எல்ஸ்ட் விசா என்றுதான் பெயர்.

நண்பனின் அண்ணன் விஷயத்துக்கு வருவோம். ஷெங்கன் என்பது எல்லையில் சோதனை இல்லாமல் போய்வர. போலந்தின் தேசிய விசாவில் ஜெர்மனிக்குப் போகலாம், 180 நாளில் 90 நாள் வரை சுற்றிப் பார்க்கலாம். அங்கே போய் ஒரு ஜெர்மன் முதலாளியிடம் வேலைக்குச் சேர முடியாது. போலந்தில் உண்மையாகவே இயங்கும் கம்பெனி ஒன்று அவரை வேலைக்கு வைத்து, பிறகு தன் வேலைக்காக அனுப்பினால் மட்டும்தான் ரீம்ஸ் கதை பொருந்தும். அந்தக் கம்பெனியின் பெயரும் வேலை ஒப்பந்தமும் எங்கே என்று ஏஜென்டிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.