பாமினியும் உடைந்த வெள்ளியும்

இணையத்தில் தமிழ் வாசிக்கிற எல்லோரும் இந்தச் சொற்களைக் கண்டிருப்பீர்கள்: வௌியீடு, வௌிநாடு, தௌிவு. கொம்பு ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டமும் சிலவேளை நிற்கும். எழுதினவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவர் சரியாகத்தான் தட்டினார். உடைத்தது ஒரு நிரல். நிரல் எழுதுகிற எங்கள் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் பழைய கதை. யுனிகோட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சாதாரண ஆட்களின் கொம்பியூட்டருக்குள் அது வந்தது விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவோடு. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடு கூட்டிப் பேசினார்கள். திஸ்கி, டாப், டாம் என்று குறியீடுகள் வந்தன. ஈழத்தவர்களில் கனபேர் பாமினியோடு நின்றுவிட்டோம்.

பாமினி செய்தது ஒரு தந்திரம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தது. திரையில் 'அம்மா' என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அம்மாவைக் காணமுடியாது.

லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் நடந்தால் மரக்கறிக்கடை, நகைக்கடை, புடவைக்கடைகளுக்கு இடையில் அச்சுவேலை செய்கிற கடைகளும் வரும். கலியாணக் காட், மரண அறிவித்தல், 31ம் நாள் நினைவு மலர். பாமினியில் அடித்தவைதான் அதிகம். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. காகிதத்தோடு முடிகிற அலுவலுக்குப் பாமினி போதும். கலியாணம் முடிந்தபின் அந்தக் கோப்பை யார் தேடப்போகிறார்கள்?

நினைவு மலர் வேறு சங்கதி. ஒரு சாதாரண மனிதரின் ஊர், தாய் தகப்பன், படித்த பள்ளிக்கூடம், பிள்ளைகள் போன நாடுகள், அவ்வளவும் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அநேகமாக அதுதான். 1981இல் யாழ் நூலகத்தில் 97,000 அளவு நூல்கள் எரிந்ததை நாங்கள் மறக்கவில்லை. மிச்சம் இருக்கிறதை யாரும் வந்து எரிக்கத் தேவையில்லை. எழுத்துரு தொலைந்தால் போதும்.

ஆகவே மாற்றத்தான் வேண்டும். ஜேர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் போன்றவர்கள் இலவசமாக மாற்றிகளைத் தந்திராவிட்டால் எங்களில் பலர் யுனிகோட்டுக்கே வந்திருக்கமாட்டோம்.

ஒரு மாற்றிக்குள் என்ன இருக்கும்? 'இதைக் கண்டால் அதைப் போடு' என்கிற வரிகள், நூற்றுக்கணக்கில். வரிசை முக்கியம். 'கொ'வை முதலில் தேடவேண்டும், பிறகுதான் 'கெ'. இப்படி நீளமானதை முதலில் பிடிக்கிற இடத்தில்தான் வெள்ளி உடைந்தது. பாமினியில் ஔகாரத்தின் வாலுக்கும் 'ள'வுக்கும் ஒரே விசை. 'வௌவால்' என்றாலும் 'வெள்ளி' என்றாலும் முதல் மூன்று தட்டலும் ஒன்றுதான். நிரல் இரண்டையும் 'வௌ' ஆக்கிவிடும். வெள்ளியில் மிஞ்சின புள்ளி அந்தரத்தில் தொங்கும்.

நண்பர் ஒருவரின் கடையிலிருந்த பழைய நினைவு மலர்களை மாற்ற நான் எடுத்த நிரல் பல கைமாறி வந்தது. அதில் வெள்ளிக்கு ஒரு ஒட்டு, வெளிக்கு ஒரு ஒட்டு, தெளிவுக்கு இன்னொன்று. வெள்ளவத்தைக்கும் கெளிறு மீனுக்கும் இன்னும் யாரும் ஒட்டுப் போடவில்லை. இனி என்ன செய்வது?

எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக எழுதலாம். நெட்ஸ்கேப் அதைத்தான் செய்தது. 1997இல் நாலாம் பதிப்பு வந்தது. ஐந்தாம் பதிப்பு வரவேயில்லை. ஆறாவது 2000ம் ஆண்டின் கடைசியில் வந்தபோது சந்தை மைக்ரோசொஃப்டின் கைக்குப் போய்விட்டது. பழைய நிரலில் அசிங்கமாகத் தெரிகிற வரிகளில் பாதி, யாரோ பட்டுத் தெளிந்த அனுபவம். எறிந்தால் அதுவும் போய்விடும்.

மற்ற வழியை மார்ட்டின் ஃபவ்லர் 1999இல் 'ரீஃபாக்டரிங்' என்றே பெயர் வைத்துப் புத்தகமாக எழுதினார். வெளியில் தெரிகிற நடத்தை மாறாமல் உள்ளே ஒழுங்குபடுத்துவது. ஒரே வேலையை மூன்றாம்தரம் செய்ய நேர்ந்தால் அதுதான் ஒழுங்குபடுத்தும் நேரம் என்றொரு விதியும் அதில் உண்டு. மூன்றாவது ஒட்டு எனக்கு அதைத்தான் சொன்னது.

வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதலில் வரிகளை எல்லாம் ஒரு அட்டவணையாக்கி, பழைய நிரல் தருகிற அதே விடையை, உடைந்த சொற்கள் உட்பட, புதியதும் தருகிறதா என்று மலர் மலராக ஒப்பிட்டேன். அதன்பிறகே பிழையைத் தொட்டேன். ஒரே ஒரு விதி: 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ அரவோ விசிறியோ வந்தால் அது ள, இல்லாவிட்டால் ஔகாரம். வெள்ளி, வெளி, தெளிவு, கெளிறு எல்லாம் நிமிர்ந்தன. கௌரியும் மௌனமும் அப்படியே இருந்தன. ஒட்டுகளைக் கழற்றிவிட்டேன். இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தால், எந்த மாற்றம் எதனால் வந்தது என்று கண்டுபிடித்திருக்கமுடியாது.

கலியாணக் காட் கோப்புகளை நான் தொடவில்லை. ஓடுகிறது, இனி யாரும் திறக்கப்போவதில்லை என்றால் விட்டுவிடுவதும் ஒரு நல்ல முடிவுதான்.

உங்கள் வீட்டிலும் பாமினிக் கோப்பு ஒன்று கிடக்கும். எழுத்துருக் கோப்பையும் அதோடு சேர்த்து வையுங்கள். மாற்றினால் பெயர்களையும் ஊர்களையும் ஒருதரம் கண்ணால் பாருங்கள். 'வௌ்ளாங்குளம்' என்று கிடந்தால், நாளைக்கு ரொறன்ரோவில் ஒரு பேத்தி 'வெள்ளாங்குளம்' என்று தேடும்போது அம்மம்மா அகப்படமாட்டா.