கழுவித் தீராத கறை

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். அவரது காரின் முகப்பில் இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் பணம் பறித்துவிடுவார்கள் என்று எண்ணி, புகைக்குழாயில் பூட்டியிருந்த ஒட்சிசன் உணரியைத் தானே கழற்றியிருக்கிறார். அதனை ஓரிரவு முழுவதும் பெற்றோலில் ஊறவைத்து, காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பூட்டியுள்ளார். விளக்கு அணையவில்லை.

"அண்ணை, ஊரிலை பிளக்கைக் கழட்டி சாண்ட் பேப்பராலை தேய்ச்சால் கார் ஓடுமெல்லோ? இது ஏன் சரிவரேல்லை?" என்று கேட்டார்.

அவரது கேள்வியில் நியாயம் உண்டு. 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் வெடித்த பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை மண்டும். பிளக்கில் கரி படியும். அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது அன்றாடக் கடமை. கையில் கிடைத்ததைக் கொண்டு எதையும் திருத்தலாம் என்ற நம்பிக்கையை அந்தத் தலைமுறைக்கு ஊட்டியது அக்காலமே.

ஆனால், பிளக் வேறு, உணரி வேறு. பிளக் பொறியைக் கொடுப்பது. உணரியோ மோப்பம் பிடிப்பது. மூக்கை அரம் கொண்டு தேய்த்தால் மோப்பம் கூடுமா? இந்தக் கருவி எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தால் நண்பரின் கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும்.

ஜேர்மனிய விஞ்ஞானி வோல்தர் நேர்ன்ஸ்ற், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்விளக்கு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது ஒன்றைக் கண்டார். சேர்க்கோனியம் ஒட்சைட்டு என்ற பீங்கான் போன்ற பொருள் குளிர்ந்திருக்கையில் மின்னைக் கடத்தாது. நன்கு சூடேறினால் கடத்தும். பீங்கானுக்குள் ஒட்சிசன் அயன்கள் நகர்வதே இதற்குக் காரணம். அவரது விளக்கு விரைவிலேயே வழக்கொழிந்தது. 1920ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசை அவர் வேறு ஆய்வுகளுக்காகவே பெற்றார். அந்தப் பீங்கான் மட்டும் தன் காலத்துக்காகக் காத்திருந்தது.

அக்காலம் வந்தது கலிபோர்ணியாவில். 1943இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. எதிரியின் தாக்குதலோ என்று மக்கள் அஞ்சினர். அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒல்லாந்தரான ஆரி ஹாகன்-சிமித், 1950களின் தொடக்கத்தில் உண்மையை வெளிப்படுத்தினார். கார்கள் கக்கும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்றே அம்மூட்டம் உருவாகிறது என்பதே அது. அமெரிக்கா 1970இல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து, நச்சு வாயுக்களை மாற்றும் பிளாற்றின ஊக்கிகள் புகைக்குழாயில் இடம்பெற்றன.

மூன்று நச்சுகளையும் ஒருசேர நீக்க வேண்டுமாயின் ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு காற்று கலக்க வேண்டும். சற்றே கூடினாலும் குறைந்தாலும் ஊக்கி தன் வேலையைச் செவ்வனே செய்யாது. அந்தச் சமநிலையை இடைவிடாது கண்காணிப்பது யார்? நேர்ன்ஸ்ற்றின் பீங்கான்தான். ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் உருவாக்கிய உணரி 1976இல் கலிபோர்ணியாவுக்கான வொல்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

விரலுறை போன்ற அந்தப் பீங்கானின் வெளிப்புறம் புகையிலும் உட்புறம் வெளிக்காற்றிலும் இருக்கும். இருபுற ஒட்சிசன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் தோன்றும். பெற்றோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ற், காற்று மிகுந்தால் 0.1 வோல்ற். அதனைக் கொண்டே காரின் கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. பீங்கானின் இருபுறமும் பூசப்பட்டுள்ள பிளாற்றினம் மிக மெல்லியது. தூரிகை முதலில் கெடுப்பது வெளிக்கவசத்தையும் அந்தப் பூச்சையுமே. ஊறவைத்தாலோ, உட்புறக் காற்று இருக்க வேண்டிய இடத்தில் பெற்றோல் ஆவி புகுந்து அளவீடே பொய்த்துவிடும்.

இங்கே கதையின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஊக்கிக்கும் உணரிக்கும் பொதுவான எதிரி ஈயம். இயந்திரத்தின் இரைச்சலை அடக்கப் பெற்றோலில் ஈயச் சேர்வையைக் கலக்கலாம் என்று 1921இல் கண்டறிந்தவர் ஜெனரல் மோட்டோர்ஸைச் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லி. 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சி ஆலை ஒன்றில் அச்சேர்வையைத் தயாரித்த ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தனர். அதே மாத இறுதியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன்னிலையில் அத்திரவத்தால் தம் கைகளைக் கழுவிக் காட்டி, ஆபத்தில்லை என்றார். அதற்கு முந்திய ஆண்டில் ஈய நஞ்சினால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுத்தவர் அவர். நான் சார்ந்த தொழிலைச் சேர்ந்தவர்கள் அன்று அங்கிருந்தார்கள் என்பதை எண்ணும்போது இன்றும் வேதனையாகவே இருக்கிறது.

அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் தெருக்களில் ஈயம் பரவியது. கிளயர் பற்றர்சன் 1965இல் எச்சரித்தார். ஹேர்பேர்ட் நீடில்மன் 1979இல், பாற்பற்களில் ஈயம் மிகுந்த சிறுவர்களின் நுண்ணறிவு குறைந்திருப்பதைக் காட்டினார். இருப்பினும் ஈயமற்ற பெற்றோலை முதலில் கட்டாயமாகக் கோரியது சிறுவர்களின் மூளையன்று, காரின் ஊக்கி. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இலேயே விடைபெற்றது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு கார்களுக்கான ஈயப் பெற்றோல் உலகில் எங்கும் விற்கப்படாத நிலை வந்தது.

நண்பரின் உணரியில் படிந்திருந்தது ஈயமாக இருக்க நியாயமில்லை. நிறம் என்ன என்று கேட்டேன். வெள்ளை என்றார். சில வாரங்களுக்கு முன் இயந்திரத்தில் எண்ணெய்க் கசிவை அடைக்கச் சிலிக்கோன் பசை பூசியதாகவும் சொன்னார். விடை அதுவே. உணரிக்குப் பாதுகாப்பானது என்று குறிக்கப்படாத பசைகளின் ஆவி எரிந்து, கண்ணாடி போன்ற படலமாக உணரியை மூடிவிடும். கரும் புகைக்கரி என்றால் கலவையைச் சீர்செய்து நெடுந்தூரம் ஓட்டினாலே பெரும்பாலும் எரிந்து போகும். வெள்ளைச் சிலிக்காவோ, பளபளக்கும் சாம்பல்நிற ஈயமோ எந்தத் தூரிகைக்கும் அடங்காது. காரணத்தைக் களைந்து, புதிய உணரியைப் பூட்டுவதே வழி.

நண்பர் அவ்வாறே செய்தார். விளக்கு அணைந்தது. பழைய உணரியை எறிய மனமில்லாமல் மேசை இலாச்சியில் வைத்திருப்பதாகச் சொன்னார். மண்ணெண்ணெய்க் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு எதையும் எறிவது எளிதன்று.