இறைவெளிப்பாடு (கத்தோலிக்கக் கோட்பாடு)

ஜவ்வாது மலைக் கத்தோலிக்கர், 1952இல் உருவான வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாய் விளங்கும் ஒரே கடவுள் என்பதே அவர்களுடைய விசுவாசத்தின் அடித்தளம்.

படைப்பைக் கண்டே கடவுள் உண்டென்று மனித அறிவு உணர முடியும் என முதலாம் வத்திக்கான் சங்கம் 1870இல் அறுதியிட்டது. சாலமோனின் ஞானம் 13ஆம் அதிகாரமும் இதையே பேசுகிறது: காற்றையும் விண்மீன்களையும் வியந்தவர்கள் அவற்றைப் படைத்தவரை அறியாமல் போனார்களே என்பது அதன் ஆதங்கம். காவலூர் வானாய்வகம் அமைந்த இம்மலையில் அந்த அதிகாரத்தை வாசிப்பது தனிப் பேறு. ஆயினும் இயற்கை மட்டும் போதாது. கடவுள் தாமே மனிதரோடு பேசினார், அப்பேச்சு இயேசு கிறிஸ்துவில் நிறைவுற்றது என்பது திருச்சபையின் போதனை. அவ்வெளிப்பாடு விவிலியம், திருமரபு இரண்டின் வழியாகவும் வருகிறது. இதை மிகத் தெளிவாக உரைப்பது 1965 நவம்பர் 18இல் வெளியான, இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு.

கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். சீர்திருத்தச் சபையாரின் விவிலியத்தில் 66. கத்தோலிக்க விவிலியத்தில் கூடுதலாக உள்ள ஏழு நூல்களில் ஞான நூலும் தோபித்தும் மக்கபேயரும் அடங்கும். தமிழ்க் கத்தோலிக்கர் இன்று வழிபாட்டில் வாசிப்பது 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு.